பெர்மிட் புத்தகம் தீர்ந்த தை மாதம்

அரசாங்கம் எதற்காவது முன்னேற்பாடு செய்கிறது என்று காதில் விழுந்தால் இன்றும் நான் முதலில் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பேன். முன்னேற்பாடு இல்லாத அரசாங்கத்தோடு எப்படியோ காலம் தள்ளிவிடலாம். அது செய்துகொண்ட அரசாங்கத்திடம்தான் பயப்பட வேண்டும். இரண்டையும் உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

முதலாவது, பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போன சமயம். நான் அப்போது அரசு அலுவலகத்தில் கடைநிலை எழுத்தன். யாரும் திட்டம் தீட்டவில்லை, குழு அமைக்கவில்லை. ஒரு காலையில் கொடி மாறியது. மேசையில் இருந்த படிவங்களில் பழைய அரசின் பெயரை மையால் கோடிழுத்து அடித்தோம், பக்கத்தில் புது முத்திரையைக் குத்தினோம், வரிசையில் நின்றவரை உள்ளே கூப்பிட்டோம். அன்று நாங்கள் கோடடித்துக் கொடுத்த தாளைக் காட்டித்தான் பிற்பாடு எத்தனையோ சொல்தாக்கள் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வாங்கினார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பாரீஸே ஏற்றுக்கொண்ட தாள் அது.

இரண்டாவது, எழுபதுகளின் கடைசியில் வந்தது. தில்லியில் பெரிய பதவியில் இருந்த ஒருவர், இப்படித் துண்டு துண்டாகக் கிடக்கும் சின்னப் பகுதிகளை அக்கம்பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிட்டால் என்ன என்கிற பாங்கில் ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு அவர் வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பார். எங்களுக்கு வீடு பற்றிக்கொண்டது.

காரைக்காலுக்கு ஒரு பக்கம் கடல், மற்ற எல்லாப் பக்கமும் தமிழ்நாடு. எங்கள் தலைநகரான புதுச்சேரிக்குப் போக வேண்டுமென்றாலும் தமிழ்நாட்டைக் கடந்துதான் போக வேண்டும். பேசுவது ஒரே தமிழ், பெண் கொடுப்பதும் எடுப்பதும் அவர்களோடுதான். ஆனால் எங்கள் வரி குறைவு, அதனால் கடைச் சாமான் விலை குறைவு. அங்கே மதுவிலக்கு, இங்கே தெருவுக்குத் தெரு கடை. எல்லையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்து வாங்கிப் போகிறவர்களை வைத்துத்தான் எங்கள் கடைத்தெரு நடந்தது. இணைப்பு வந்தால் அந்த வியாபாரம் அன்றைக்கே படுத்துவிடும். இந்த விஷயத்தை யாரும் இப்படிப் பச்சையாகச் சொல்லவில்லை. பண்பாடு போய்விடும், பிரெஞ்சு வரலாறு போய்விடும் என்றார்கள். பிரான்ஸ் தேசம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்களெல்லாம் பிரெஞ்சுப் பண்பாட்டுக்காகத் தொண்டை கட்டினார்கள்.

வெளியே ஊர்வலம் என்றால், உள்ளே ரகசியக் கூட்டம். எனக்கு அப்போது கண்காணிப்பாளர் பதவி. சூப்பிரண்டு என்பார்கள். புதுச்சேரியிலிருந்து மாற்றலில் வந்திருந்த எங்கள் மேலதிகாரி, இணைப்பு ஏற்பட்டால் செய்ய வேண்டியவை பற்றி ஒரு திட்டம் தயாரிக்கச் சொல்லி மேலிடம் கேட்டிருப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். கதவு சாத்தாது. மழைக்கு உப்பியிருந்தது. ஒரு பியூனை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ரகசியம் பேசினோம்.

அந்தக் கூட்டங்களில் ஆராயப்பட்டவை இவை. ஜீப்பின் எண் பலகையை யார் செலவில் மாற்றுவது என்று ஒரு முழு முற்பகல் போனது. சாராயக் கிடங்கில் இருக்கும் சரக்கை, மதுவிலக்கு உள்ள அரசிடம் எந்தத் தலைப்பில் ஒப்படைப்பது என்று ஒரு பிற்பகல். சுவரில் மாட்டிய படங்களை எந்த வரிசையில் கழற்றுவது என்று ஒருவர் கேட்டார். கேட்டவர் கிண்டல் செய்யவில்லை, அதுதான் கொடுமை. அரிசி, மண்ணெண்ணெய், ஆஸ்பத்திரி மருந்து பற்றி நான் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ‘பார்க்கப்பட்டது’ என்ற ஒரு சொல்லும் கையெழுத்துமாகத் திரும்பி வந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உடனடி முடிவு எடுத்தார்கள். அரசின் பெயர் மாறப்போவதால், பெயர் அச்சிட்ட எந்தத் தாளையும் புதிதாக அச்சகத்திலிருந்து வரவழைக்கக் கூடாது. வீண் செலவாம். உத்தரவு அன்றே போனது. நாற்பது பக்கத் திட்டத்தில் நடைமுறைக்கு வந்தது அது ஒன்றுதான்.

அது தை மாதம். சம்பா அறுவடை. நெல் பெர்மிட் புத்தகம் கடைசித் தாள் வரை தீர்ந்திருந்தது.

பெர்மிட் என்னவென்று இந்தக் காலத்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். அப்போது நெல்லும் அரிசியும் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. ஒவ்வொரு சாலையிலும் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடி. எல்லையோ ஒழுங்கான கோடு இல்லை. வாய்க்கால் போன போக்கில் போகும். எங்கள் குடியானவர்கள் பலருக்கு வீடு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். சொந்த வயலில் விளைந்ததைச் சொந்த வீட்டுக்குக் கொண்டுவர எங்கள் அலுவலகம் எண் போட்ட பெர்மிட் கொடுக்கும். சாவடியில் பாதியைக் கிழித்துக்கொண்டு வண்டியை விடுவார்கள்.

குரும்பகரத்தில் என் மனைவிக்கு அக்கா முறையாகும் ஒருவர் இருந்தார். கணவரை இழந்தவர். இரண்டு பெண்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம், அவர்களுக்கு வருஷச் சாப்பாடு அதுதான். உத்தரவு போன அடுத்த வாரம், நெடுங்காட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து என் மேசை முன் நின்றார்.

“தம்பி, அடிச்சுத் தூத்தியாச்சு. நெல்லு பொலியாக் குவிஞ்சு களத்துல கெடக்கு. பெர்மிட்டு குடுத்தீங்கன்னா நாளைக்கே வண்டி கட்டிருவேன்.”

“புத்தகம் தீந்துபோச்சுக்கா.”

“தீந்துபோச்சுன்னா? கடையில வாங்கியாறச் சொல்லுங்க.”

“கடையில விக்காது. கவர்மெண்டு அச்சகத்துலேருந்து வரணும்.”

“எப்ப வரும்?”

“வராது.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கதான் இங்க சூப்பிரண்டா? இல்ல, வேற யாராவது இருக்காங்களா, கேட்டுட்டுப் போறேன்.”

பக்கத்து மேசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் விஷயத்தைச் சொன்னேன். பெயர் மாறப்போகிறது, அதனால் பழைய பெயரில் தாள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றேன்.

“கவர்மெண்டு பேரு மாறட்டும். நெல்லு பேரு மாறலியே?”

“இணைஞ்சிட்டா எல்லையே இருக்காது, பெர்மிட்டே வேணாம்னு சொல்றாங்கக்கா.”

“எப்ப இணையுது?”

“அது யாருக்கும் தெரியாது.”

“சாவடிக்காரனுக்குத் தெரியுமா? அவன் நேத்துகூட பெர்மிட்டு எங்கேன்னுதான் கேட்டான்.”

நாற்பது பக்கத் திட்டத்தின் ஓட்டை அதுதான். இந்தப் பக்கம் எல்லை போய்விட்டதாக வைத்துக்கொண்டு தாளை நிறுத்திவிட்டோம். அந்தப் பக்கம் எல்லை இருந்த இடத்திலேயே குத்துக்கல்லாக நின்றுகொண்டிருந்தது.

இரவில் ஆள் வைத்துத் தலைச்சுமையாக வாய்க்காலைத் தாண்டிக் கொண்டுவருகிறவர்கள் இருந்தார்கள். அக்காவிடம் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. சில வருஷம் முன்பு அவர் கணவர் அப்படிக் கொண்டுவந்தபோது பிடிபட்டு, நெல்லோடு வண்டியும் மாடும் போயின. ஏலத்தில் மாட்டை வேறொருவன் ஓட்டிப்போனதை அந்த மனிதர் நின்று பார்த்தார். பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை. “பெர்மிட்டு இல்லாம ஒரு மணி நெல்லு தொட மாட்டேன் தம்பி,” என்பார் அக்கா. எங்கள் அலுவலகத்தின் மீது அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்த பிரஜை இந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

அதிகாரியிடம் போனேன்.

“சார், அச்சடிச்ச தாள்லதான் பெர்மிட் குடுக்கணும்னு விதியில எங்கயும் இல்ல. தட்டச்சு பண்ணி, பதிவேட்டு நம்பர் போட்டு, நீங்க கையெழுத்தும் சீலும் வச்சா செல்லும். சாவடிக்கு ஒரு கடிதம் போட்டா போதும். பிரெஞ்சுக்காரன் போனப்ப இப்படித்தான் சமாளிச்சோம்.”

“சரிங்க சூப்பிரண்டு. அப்ப தணிக்கை யாரு பண்ணாங்க?”

“யாரும் பண்ணல சார்.”

“பாத்தீங்களா? இப்ப பண்ணுவாங்க.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இணைப்பு வந்துச்சுன்னு வைங்க, எந்த அதிகாரத்துல கையெழுத்துப் போட்டேன்னு அந்த கவர்மெண்டு கேக்கும். வரலைன்னு வைங்க, உத்தரவ மீறி எதுக்குப் போட்டேன்னு இந்த கவர்மெண்டு கேக்கும். எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?”

“அந்த அம்மாவுக்கும் இருக்கு சார்.”

“இருக்கட்டும். மேலிடத்துல தெளிவுரை கேட்டு எழுதுங்க. ரெண்டு வரியில வேணாம், விவரமா எழுதுங்க.”

தெளிவுரை கேட்பது என்பது எங்கள் உத்தியோகத்தில் ஒரு தற்காப்புக் கலை. கேட்ட நிமிஷமே கோப்பு மேலே போய்விடும், பழி யாருக்கும் சொந்தமில்லாமல் நடுவழியில் தொங்கும். விவரமாகவே எழுதினேன், பிரெஞ்சுக்கால முன்மாதிரியும் சேர்த்து. டிரங்க் கால் போட்டுச் சொல்லலாம் என்று பார்த்தால் லைன் செத்திருந்தது. போராட்டக்காரர்கள் எங்கோ கம்பியை அறுத்திருந்தார்கள். சரி, பியூன் கையில் கடிதத்தைக் கொடுத்துப் புதுச்சேரிக்கு பஸ் ஏற்றிவிடலாம் என்று நானே கூடப் போனேன். கோட்டுச்சேரியில் சாலைக்குக் குறுக்கே ஒரு பூவரச மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். இணைப்பை எதிர்த்து மரத்தை வெட்டியவர்கள், அதன் நிழலில் நின்றிருந்த பஸ் பயணிகளை வெயிலில் நிறுத்தியிருந்தார்கள்.

மறியலுக்குத் தலைமை சீமைச் சாராயக் கடை வைத்திருந்த ஒருவர். எனக்கு நன்றாகத் தெரிந்தவர். உரிமம் புதுப்பிக்க வருஷா வருஷம் என் மேசைக்கு வருகிறவர். கழுத்தில் மாலையோடு நின்றார்.

“பியூன மட்டும் விடுங்க. சைக்கிள்ல அந்தப் பக்கம் போயி பஸ் புடிச்சுக்குவான். குடியானவங்க நெல்லு களத்துல கெடக்கு,” என்றேன்.

“என்னங்கய்யா, நீங்களே இப்படிக் கேக்கலாமா? இது மக்களோட உணர்வு.”

“நெல்லு வீடு வந்து சேர்ற வரைக்கும் உணர்வு கொஞ்சம் ஒதுங்கி நிக்கட்டுமே.”

“நெல்லு இன்னிக்குப் போனா அடுத்த போகம் வெளையும். உரிமை போனா வெளையுமா?” என்றார் கூட்டத்தைப் பார்த்து. கை தட்டினார்கள். ஒருவன் விசில் அடித்தான்.

நான் நிற்கும்போதே அவருடைய கடைக்குச் சரக்கு ஏற்றிய வேன் வந்தது. இரண்டு பேர் மரத்தின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார்கள், வேன் நுழைந்தது, மரத்தைப் பழையபடி போட்டார்கள். உணர்வுக்கு அந்த அளவு விவேகம் இருந்தது. பியூனும் நானும் கடிதத்தோடு திரும்பினோம்.

அன்று பிற்பகலே வானம் மூடியது. தையில் மழை வரக் கூடாது, ஆனால் வரும். வந்தால் டெல்டாவில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். விட்டு விட்டுப் பெய்தது. பிறகு நாலு நாள் விடாமல் பெய்தது. அலுவலகத்தில் திட்டக் கோப்பின் பிரதிகள் நனைந்துவிடாமல் இரும்பு அலமாரியின் மேல் தட்டுக்கு மாற்றினோம். அதற்கும் ஒரு உத்தரவு இருந்தது.

மழை விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு குரும்பகரம் போனேன். அக்கா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் களத்தில் நின்றிருந்தார். அங்கிருந்து பார்த்தால் அவர் வீட்டுக் கூரை தெரியும். அடுப்புப் புகை தெரியும். பொலியின் மேல் போட்டிருந்த வைக்கோல் கறுத்து அமுங்கியிருந்தது. அக்கா அதை ஒரு கையால் விலக்கிக் காட்டினார். உள்ளே ஆவி பறந்தது. குவியலுக்குள் கையை விட்டேன், சூடாக இருந்தது. நெல் ஒன்றோடொன்று வேர் பின்னி, பிய்த்தால் தட்டாக வந்தது. மேல் பரப்பெல்லாம் வெள்ளையாக ஊசி ஊசியாக முளை. புளித்த கஞ்சியும் நனைந்த சாக்கும் கலந்த வாடை. அந்த வாடை என் மூக்கை விட்டுப் போகவில்லை.

“நல்லா வந்திருக்குல்ல தம்பி? வயல்ல வெதச்சாகூட இப்படி ஒண்ணுபோல முளைக்காது,” என்றார். குரலில் அழுகை இல்லை. இருந்திருந்தால் தேவலை.

கிடைத்ததைச் சாக்கில் வாரி இரவல் வண்டியில் ஏற்றினோம். பெர்மிட் இல்லாமல் தொட மாட்டேன் என்று அவர் மறுபடி சொன்னார். நான் சாவடியில் பேசுகிறேன் என்று வண்டிக்கு முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பேசுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? விதி எண்கள் இருந்தன.

சாவடியில் இருந்தவர் தமிழ்நாட்டு அரசு ஊழியர். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு சாக்கில் குத்தூசியைச் செருகி இழுத்தார். ஊசியில் வந்ததை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார்.

“என்னாங்க இது?”

“நெல்லு,” என்றார் அக்கா.

“இதா நெல்லு? நெல்லுன்னா நான் பெர்மிட்டு கேக்கணும்மா. இது மாட்டுத் தீனி. தீனிக்குத் தடை இல்ல. ஓட்டுங்க, ஓட்டுங்க.” கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தடுப்புக் கட்டையைத் தூக்கினார்.

வண்டி கொஞ்ச தூரம் போனதும் அக்கா சொன்னார்: “இத முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா, நானே ரெண்டு குடம் தண்ணி ஊத்தியிருப்பேனே.”

பிறகு தில்லி பின்வாங்கியது. இணைப்பு இல்லை என்று ஆனது. கோட்டுச்சேரியிலிருந்து கடைத்தெரு வரை வெடி போட்டார்கள். சாராயக் கடைக்காரர் எங்கள் அலுவலகத்துக்கு லட்டு அனுப்பினார். அவ்வளவு கூச்சலிலும் இணைப்பு என்றால் என்ன, அது நெல்லுக்கு என்ன செய்யும், மருந்துக்கு என்ன செய்யும் என்று ஒரு மேடையில்கூட ஒருவரும் பேசவில்லை. வேண்டும் என்றவர்களும் பேசவில்லை, வேண்டாம் என்றவர்களும் பேசவில்லை.

வழி திறந்ததும் கடிதத்தை அனுப்பினோம். பிறகு இரண்டு கட்டுகள் ஒரே தபாலில் வந்தன. ஒன்றில் பழைய பெயரோடு புதிய பெர்மிட் புத்தகங்கள். மற்றொன்றில் தெளிவுரை. தட்டச்சு செய்த அனுமதி வழங்கலாம், பிரெஞ்சுக்காலத்தில் முன்மாதிரி உள்ளது என்று எழுதியிருந்தார்கள். நான் அனுப்பிய வாக்கியத்தையே எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அதிகாரிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. முதல் பெர்மிட்டை அந்த அம்மாளுக்கே கொடுக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அக்கா வந்தார்.

“வாங்கம்மா. உங்களுக்குத்தான் மொத தாளு.”

“எதுக்குங்க?”

“நெல்லு கொண்டாரத்தான்.”

“அது வந்துருச்சுங்களே.”

அதிகாரியின் முகம் மாறியது. “பெர்மிட் இல்லாமயா?”

நான் குறுக்கிட்டு, முளைத்துவிட்டதால் சாவடியில் அனுமதி தேவைப்படவில்லை என்று விளக்கினேன். அவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். மெய்யாகவே நிம்மதி அடைந்த ஒரு மனிதனின் மூச்சு. “அப்பாடா. அப்ப இந்த மனுவ ‘தேவை எழவில்லை’ன்னு முடிச்சிடுங்க சூப்பிரண்டு. நிலுவையில நிக்க வேணாம்.”

அக்கா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப நான் வரட்டுங்களா? பஸ்ஸு போயிரும்.”

அந்த வருஷ அறிக்கையில், நெருக்கடிக் காலத்தில் முன்னேற்பாடுகள் செவ்வனே செய்யப்பட்டதால் பொதுமக்களுக்கு எவ்வித இடையூறும் ஏற்படவில்லை, நெல் அனுமதி மனு எதுவும் நிலுவையில் இல்லை என்று போனது. வாக்கியம் அதிகாரியுடையது. அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

சித்திரையில் ஒரு நாள் என் மனைவியும் நானும் அக்கா வீட்டுக்குப் போனோம். விசேஷம் எதுவும் இல்லை, சும்மா பார்க்கத்தான். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். முளைத்த நெல்லைக் காயவைத்து, அவித்து, குத்தி, தேறிய அரிசி. வெந்ததும் குழைந்து நிறம் மங்கி, களத்தில் வந்த அதே வாடை. பெண்கள் இரண்டும் பழகிப்போய்ப் பேசாமல் தின்றன. மிச்ச மாதங்களுக்கு அதுவும் போதாமல் ரேஷன் கடையில் நின்றார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். விதைக்கு வைக்கவும் ஒன்றும் இல்லை.

“சாப்பிடுங்க தம்பி. கூச்சப்படாதீங்க,” என்று இன்னொரு கரண்டி போட்டார் அக்கா. “உங்க ஆபீஸு அரிசிதான்.”

எண்பதுகளில் நான் ஓய்வு பெற்றேன். பொறுப்பை ஒப்படைக்கும்போது அந்த நாற்பது பக்கத் திட்டமும் இருந்தது. ரகசியக் கோப்பு என்பதால் அழிக்க முடியாது, யாரும் படிக்கவும் முடியாது. எனக்குப் பின் வந்தவர் மூடியபடியே வாங்கி மூடியபடியே வைத்தார். நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நெடுங்காடு பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. நாக்கு அப்படியே இருந்தது. பக்கத்துக் கடையில் யாரோ பேப்பரை விரித்து, மறுபடியும் இணைப்புப் பேச்சு வருகிறதாம் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். நாலு பேர் கூடி, கூடாது என்றும் வேண்டும் என்றும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா என் பக்கம் குனிந்தார்.

“தம்பி, உங்களுக்கு இன்னும் ஆபீஸுல ஆளு இருக்கும்ல? அறுப்புக்கு முன்னாடியா, பின்னாடியா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”